சைக்காலஜி எடுக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. உளவியல் படிக்கலாமா, படித்தால் வேலை உண்டா, வீட்டில் விடமாட்டேன் என்கிறார்களே என்று. இருபத்தாறு வருடம் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தியவள் என்பதால் ஆசிரியர் குழு மொத்தக் கடிதக் கட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

மேடம், நான் பயாலஜி குரூப். நீட் எழுதினேன், மார்க் பத்தவில்லை. பி.எஸ்ஸி. சைக்காலஜி சேர ஆசை. சின்ன வயதிலிருந்தே ஃப்ரெண்ட்ஸ் எல்லோரும் பிரச்சினை என்றால் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் அப்பா, "கீழ்ப்பாக்கத்துல வேலை பார்க்கவா உன்னைப் படிக்க வச்சேன்" என்கிறார். நான் ஆசைப்படுகிற காரணம் சரிதானா?
— மாணவி, திருவண்ணாமலை

முதலில் அப்பா சொன்னதற்கு வருகிறேன். கீழ்ப்பாக்கம் என்பது நம் ஊரில் திட்டுகிற வார்த்தையாகிவிட்டது, கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். 1794ல் ஆரம்பித்த மனநல மருத்துவமனை அது. சொந்த வீட்டுக்காரர்களே கைவிட்ட எத்தனையோ பேருக்கு இரண்டு நூற்றாண்டாகச் சோறும் மருந்தும் கொடுத்த இடம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் அங்கேதான் பல வருடம் தலைமைப் பொறுப்பில் இருந்தார். மகள் அங்கே வேலைக்குப் போனால் அதில் பெருமைதான் இருக்கிறது என்று நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லு.

இப்போது உன் காரணம். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பேன். பெயர் எழுத வேண்டாம், ஏன் இந்தப் பாடத்துக்கு வந்தாய் என்று மட்டும் எழுது என்பேன். "கணக்கு இருக்காதுன்னு சொன்னாங்க", "பி.காம். கிடைக்கல", "அம்மா ராத்திரி தூங்கவே மாட்டாங்க, ஏன்னு தெரிஞ்சுக்கணும்", "போலீஸ்ல சேர்ந்து கிரிமினல் மனசைப் படிக்கணும்", "ஐ.ஏ.எஸ். தேர்வுல சைக்காலஜி விருப்பப் பாடமா எடுக்கலாம்", "அக்கா இங்கதான் படிச்சா" என்று எல்லாம் வரும். ஒரு வருடம் ஒரு பையன் வெறுமனே "என் அண்ணன்" என்று எழுதியிருந்தான், அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.

இருப்பதிலேயே அதிகமாக வருவது நீ சொன்ன காரணம்தான், எல்லோரும் என்னிடம்தான் மனசு விட்டுப் பேசுவார்கள் என்பது. அது நல்ல தொடக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் அதே பிள்ளைகளை இரண்டாம் வருடம் எதிரெதிர் நாற்காலியில் உட்காரவைத்து, ஒருத்தி பிரச்சினையைச் சொல்லட்டும், இன்னொருத்தி கேட்கட்டும் என்று பயிற்சி கொடுப்பேன். கையில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நிமிஷம் ஆவதற்குள் கேட்கிறவள் வாயைத் திறந்து, "கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும், எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று தன் கதைக்குப் போய்விடுவாள். எதிரில் இருப்பவளின் முகம் அந்த நொடியில் மூடிக்கொள்வதை வகுப்பே பார்க்கும். ஃப்ரெண்டுக்கு ஆறுதல் சொல்வதும் இந்தத் தொழிலும் ஒன்றல்ல என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரியும். ஒருவர் அழும்போது உடனே துடைக்க ஓடாமல், அறிவுரை சொல்லாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை கூடவே இருப்பது ஒரு பயிற்சி. பிறவியிலேயே வந்துவிடாது, வருடக்கணக்கில் பழக வேண்டும்.

அப்புறம் நீட். மருத்துவம் கிடைக்காததற்கு ஆறுதல் பரிசாக இதை எடுக்காதே. இதிலும் மூளை, நரம்பு, ஹார்மோன் எல்லாம் வரும், உன் பயாலஜி வீண்போகாது. ஆனால் இது குட்டி டாக்டர் படிப்பு இல்லை. "டாக்டர் ஆக முடியல, அதனால இது" என்ற எண்ணத்தோடு வந்தவர்கள் மூன்று வருடமும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். மற்றபடி எந்தக் காரணத்துக்காக வந்தாலும் பரவாயில்லை. முதல் நாள் எழுதின காரணத்தோடு கடைசி வருடத்தை முடித்தவர்கள் குறைவு. போலீஸ் ஆகப் போகிறேன் என்று வந்தவள் ஆட்டிசம் குழந்தைகளோடு வேலை செய்கிறாள், பி.காம். கிடைக்காதவன் ஆராய்ச்சிக்குப் போனான்.

சைக்காலஜியில் கணக்கு உண்டா? எனக்குக் கணக்கு என்றாலே ஆகாது.
— மாணவர், அரூர்

உண்டு. புள்ளியியல் தனித் தாளாகவே இருக்கும். சராசரி, திட்டவிலக்கம், டி-டெஸ்ட், ஒட்டுறவு எல்லாம் போட வேண்டும், முதுகலை போனால் புள்ளிவிவரக் கணக்குப் போடும் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் உட்கார வேண்டும். அதற்காக ஓடிவிடாதே. ப்ளஸ் டூ கால்குலஸ் அளவுக்குக் கடினம் இல்லை, பத்தாம் வகுப்புக் கணக்கு கையில் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். கண்ணாடியில் தெரிகிற நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே காகிதத்தில் வரைகிற சோதனை ஒன்று ஆய்வகத்தில் செய்வோம். முதல் தடவை பென்சில் எங்கெங்கோ போகும், பத்தாவது தடவை ஓரளவு கோட்டிலேயே வரும். எத்தனை தப்பு குறைந்தது, எத்தனை வினாடி குறைந்தது என்று, கணக்குக்குப் பயந்த அதே பையன் ஆர்வமாகக் கணக்குப் போடுவான். தன் கையால் எடுத்த எண் என்றால் பயம் போய்விடுகிறது.

எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடித்தால் மாத்திரை எழுதித் தரலாமா? சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட் என்ன வித்தியாசம்?
— வாசகி, காங்கேயம்

எழுத முடியாது. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர், மருந்து அவர் வேலை. உளவியலாளர் பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சை, பரிசோதனைகள், மதிப்பீடு இவற்றைச் செய்வார். பல நோயாளிகளுக்கு இருவருமே வேண்டும். நல்ல உளவியலாளருக்கு முக்கியமான திறமைகளில் ஒன்று, இது என் கையில் இல்லை, டாக்டரைப் பாருங்கள் என்று சரியான நேரத்தில் அனுப்புவது.

என் மகள் எம்.எஸ்ஸி. உளவியல் முடித்துவிட்டாள். ஐந்து வருடம் படிக்கவைத்தேன். இப்போது இன்னும் படித்தால்தான் "கிளினிக்கல்" என்று போட்டுக்கொள்ள முடியும் என்கிறாள். எப்போதுதான் சம்பாதிப்பாள்? நான் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்ப்பவன்.
— தந்தை, நாமக்கல்

ஐயா, உங்கள் மகள் உண்மையைத்தான் சொல்கிறாள். இதை அவள் சேரும்போதே யாராவது உங்கள் இருவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சேர்க்கை நேரத்தில் கல்லூரிகள் இதை வாய் திறந்து சொல்வதே இல்லை, அதுதான் எனக்கு இந்தத் துறையில் இருக்கிற பெரிய ஆதங்கம்.

நிலைமை இதுதான். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் அது யார் என்று தெளிவாகச் சொல்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், எல்லோரும் ஆர்.சி.ஐ. என்பார்களே, அது அங்கீகரித்த படிப்பைப் படித்திருக்க வேண்டும். இதுவரை அதற்குப் பிரதான வழி, முதுகலைக்கு மேல் இரண்டு வருடம் மருத்துவமனையில் மேற்பார்வையோடு படிக்கும் எம்.ஃபில். முடித்து ஆர்.சி.ஐ. பதிவேட்டில் எண் வாங்குவதுதான். இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வுக்குக் கூட்டம் அதிகம், முதல் முறையே கிடைப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

இதற்கு நடுவில் இன்னொரு குழப்பம். 2020ன் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். என்ற பட்டத்தையே கைவிடச் சொல்லிவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுச் சேர்க்கை வரை பல்கலைக்கழக மானியக் குழு விலக்கு கொடுத்தது. அதற்குப் பதிலாகப் புதுப் படிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் எந்த நிறுவனத்தில் பணம் கட்டுவதற்கு முன்பும், அந்தப் படிப்பு, அந்த நிறுவனம், அந்த வருடம் மூன்றும் ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று மகளோடு உட்கார்ந்து நீங்களே பாருங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்று சொல்கிற இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெண் அப்படி ஒரு தனியார் நிறுவனத்தின் வார்த்தையை நம்பி, இரண்டு வருடமும் அவள் அம்மாவின் நகையும் போய், கடைசியில் பதிவு எண் இல்லாமல் வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள்.

சம்பாத்தியம் பற்றிக் கேட்டீர்கள். இப்போதே அவளால் வேலைக்குப் போக முடியும். பள்ளி ஆலோசகர், தொண்டு நிறுவனம், போதை மறுவாழ்வு மையம், சிறப்புக் குழந்தைகளுக்கான மையம் எல்லாம் எம்.எஸ்ஸி.யோடு எடுக்கிறார்கள். சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், ஒரு தனியார் பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பதைத் தாண்டுவது கஷ்டம். ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துக்கொண்டே நுழைவுத் தேர்வுக்குப் படிக்கட்டும். வீட்டுக்கும் கொஞ்சம் வரும், நிஜமான மனிதர்களோடு வேலை செய்த அனுபவம் நேர்முகத்தில் பேசவும் உதவும். அப்படிப் போய் வந்த பிள்ளைகளுக்கும் நேராக வந்தவர்களுக்கும் இருக்கிற நிதான வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கு 31 வயது. ஐ.டி.யில் இருக்கிறேன். வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி படித்துவிட்டுக் கவுன்சலிங் செய்யலாம் என்று இருக்கிறேன்.
— வாசகர், சென்னை, பெருங்குடி

அந்த வழி மூடிவிட்டது. 2021ல் வந்த துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் உளவியலும் வருகிறது. அதை வைத்து, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் எத்தனையோ ஆசிரியர்கள், நர்ஸுகள், இல்லத்தரசிகள் தபாலில்தான் இந்தப் படிப்புக்குள் வந்தார்கள். அவர்களில் அருமையானவர்கள் உண்டு, அந்தக் கதவு சாத்தப்பட்டதில் எனக்கு வருத்தமும் உண்டு. ஆனால் ஒரு மனிதரைக்கூட நேரில் பார்க்காமல், ஒரு சோதனையைக்கூடக் கையால் நடத்தாமல், கைடு புத்தகத்தைப் படித்துப் பாஸாகிப் போர்டு மாட்டியவர்களையும் பார்த்துவிட்டேன். அதனால் முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

உங்களுக்கு உண்மையிலேயே இந்த ஆசை இருந்தால், முதலில் தற்கொலைத் தடுப்பு உதவி மையம் ஏதாவது ஒன்றில் தன்னார்வலராகச் சேருங்கள். சென்னையில் 1986லிருந்து ஸ்நேகா இருக்கிறது, தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் எடுக்கிறார்கள். மாதக்கணக்கில் அந்த ஃபோன்களை எடுத்த பிறகும் இதுதான் வேண்டும் என்று தோன்றினால் வேலையை விட்டு ரெகுலரில் சேருவதைப் பற்றி யோசிக்கலாம்.

எனக்கு இரண்டு வருடம் முன்பு டிப்ரஷன் இருந்தது. சிகிச்சை எடுத்து இப்போது பரவாயில்லை. என்னை நானே புரிந்துகொள்ளவும், என்னைப் போல இருப்பவர்களுக்கு உதவவும் சைக்காலஜி படிக்க நினைக்கிறேன். டாக்டரிடம் இனிமேல் போக வேண்டாம், படித்து நானே சரிசெய்துகொள்வேன் என்று நினைக்கிறேன். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.
— பெயர், ஊர் வேண்டாம்

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ தனி ஆள் இல்லை. அந்தத் துண்டுச் சீட்டுகளில் நேராக எழுதாவிட்டாலும், கால்வாசிப் பேராவது தன் வலியையோ தன் வீட்டின் வலியையோ தூக்கிக்கொண்டுதான் இந்த வகுப்புக்குள் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருட்டில் ஒரு தடவை நடந்தவளுக்கு அடுத்தவர் தடுமாறுவது சீக்கிரம் தெரியும்.

ஆனால் உன் கடிதத்தில் இரண்டு ஆசைகள் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கின்றன, அதை அவிழ்த்துவிட வேண்டும். உதவ வேண்டும் என்பதற்குப் படிப்பு. உன்னைச் சரிசெய்துகொள்வதற்குச் சிகிச்சை. பாடப்புத்தகத்தில் மனச்சோர்வு அத்தியாயத்தில் அறிகுறிகளின் பட்டியல் இருக்கும், அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இது நான், இதுவும் நான் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்த மாணவிகளை எனக்குத் தெரியும். காலையில் கண் வீங்கி வருவார்கள். படிப்பு அவர்களைக் குணப்படுத்தவில்லை, கொஞ்ச நாள் இன்னும் மோசமாக்கியது. அவர்களில் நன்றாக வந்தவர்கள் எல்லோரும் தங்களுக்கென்று ஒரு ஆலோசகரையோ டாக்டரையோ வைத்துக்கொண்டவர்கள்தான்.

அதனால் டாக்டரிடம் போவதை நீயாக நிறுத்தாதே. மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அதைக் குறைப்பது, விடுவது எல்லாம் அவரிடம் கேட்டுத்தான். கல்லூரியில் சேர்ந்த பிறகு பாடம் ஏதாவது உன்னைக் கிளறினால், வகுப்பை விட்டு எழுந்து வரலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வீட்டில் சொல்ல முடியாத ராத்திரிகளில் 14416க்குக் கூப்பிடு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கின டெலி மானஸ் எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். இதை நீ எழுதினதே பெரிய காரியம் அம்மா. இன்னும் ஒரே ஒருத்தரிடமாவது வாய் விட்டுச் சொல்லு, அம்மாவோ சித்தியோ, பழைய டீச்சரோ, யாராவது.

படிக்கலாமா என்றால், படி. இப்போது உடம்பும் மனசும் தாங்குகிறது என்று டாக்டரும் சொன்னால் தாராளமாகச் சேரு.

கவுன்சலிங் தவிர இந்தப் படிப்புக்கு வேறு வேலையே கிடையாதா?
— மாணவர், கும்பகோணம்

இருக்கிறது, பிள்ளைகள்தான் தேடுவதில்லை. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத்தில் உளவியலாளர்கள் இருப்பார்கள், அந்தச் சோதனைகளை உருவாக்குவதற்கென்றே டெல்லியில் பாதுகாப்புத் துறையின் உளவியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்ஸோ வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் துணை நபராக, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களில், குழந்தைகள் இல்லங்களில் என்று நம் மாணவிகள் பலர் இருக்கிறார்கள். கம்பெனிகளில் மனிதவளத் துறை எடுத்துக்கொள்கிறது. நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலை. மனச்சிதைவு வந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1984ல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காக 1993ல் தொடங்கின பான்யன் மாதிரியான அமைப்புகளில், நோயாளியைச் சமைக்கப் பழக்குவது, வேலைக்கு அனுப்புவது, குடும்பத்தோடு பேசுவது என்று நாள் முழுக்க ஓடுகிற வேலை.

பள்ளி, கல்லூரிகளில்தான் வாய்ப்பு கூடப் போகிறது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற கல்வி நிறுவனங்கள் தகுதியான ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பேருக்கு ஒருவரை நியமித்துவிட்டு, சப்ஸ்டிட்யூட் கிளாஸுக்கும் அட்மிஷன் டெஸ்கிற்கும் அனுப்புகிற பள்ளிகள் உண்டு. சேரும்போதே தனி அறை கொடுப்பீர்களா, கதவு மூடுமா என்று கேட்டுவிடு. கதவில்லாத அறையில் எந்தப் பிள்ளையும் பேசாது.

நான் எம்.ஏ. உளவியல் முதல் வருடம். படிப்பு முழுக்க இங்கிலீஷ். முடித்துவிட்டு எங்கள் ஊர்ப் பக்கமே இருக்க ஆசை. ஆனால் கிராமத்தில் போய் உட்கார்ந்தால் யார் வரப்போகிறார்கள் என்று கூடப் படிப்பவர்கள் சொல்கிறார்கள்.
— மாணவி, சிவகங்கை மாவட்டம்

வந்த கடிதங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இது. 2015-16ல் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது, தமிழ்நாடும் அதில் ஒன்று. மனநலச் சிக்கல் உள்ளவர்களில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சைக்கே வரவில்லை என்று அதில் தெரிந்தது. ஆள் இருக்கிறார்கள். அவர்கள் நாம் வைத்திருக்கிற பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு கிராமத்து மருத்துவ முகாமுக்கு மாணவிகளைக் கூட்டிப் போயிருந்தோம். ஐம்பது வயது தாண்டின ஒரு அம்மா, "நெஞ்சுக்குள்ள என்னமோ அடைச்சுக்கிட்டே இருக்கு" என்று வந்தார். கையில் மஞ்சள் பையில் மூன்று ஈ.சி.ஜி., மூன்றும் நார்மல். என் மாணவி ஒருத்தி கேள்வித்தாளை எடுத்து, "கடந்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு ஆர்வமின்மை ஏற்பட்டதா" என்று வாசித்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. இன்னொருத்தி, அந்தப் பக்கத்துப் பெண்தான், தாளை ஓரமாக வைத்துவிட்டு, "எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குதாம்மா?" என்றாள். அவ்வளவுதான். "ஆமா தாயி, கொழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னுகூடத் தெரியல" என்று ஆரம்பித்து, மகன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து ராத்திரியில் வாசல் விளக்கை அணைக்க மனசு வராமல் விடியும்வரை உட்கார்ந்திருப்பது வரை சொன்னார். இரண்டு மாணவிகளும் படித்தது ஒரே புத்தகம்தான்.

நீ ஊருக்குப் போவதற்கு முன்னால் உங்கள் மாவட்டத்தில் மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தெந்த நாள் எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறது என்று விசாரித்து, லீவில் அவர்களோடு போய் நின்று பார். பதிவு, தகுதி பற்றி நாமக்கல் ஐயாவுக்குச் சொன்னதெல்லாம் உனக்கும்தான். அப்புறம் ஒரு நோட்டு போடு. மனசு கனத்துக் கிடக்கு, ஈரக்குலை நடுங்குது, உசுரு நிக்க மாட்டேங்குது என்று உங்கள் பக்கத்தில் மனக்கஷ்டத்தை எப்படி எப்படியெல்லாம் சொல்கிறார்கள் என்று கேட்கக் கேட்க எழுதிவை. பத்து சேர்ந்ததும் எனக்கு அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறேன். மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளும் தங்கள் ஊர்ச் சொற்களை அனுப்பலாம்.